கடை சீவியா, கை சீவியா?

ஹட்டன் டவுனில் எந்த கொமினிகேஷன் கடைக்குப் போனாலும் வேலைக்குக் கொடுக்கும் சீவி, அதாவது சுயவிவரம், தயாராக இருக்கும். பெயர், அடையாள அட்டை இலக்கம், மதம், அப்புறம் ஓ.எல். பரீட்சையின் 9 பாடத்துக்கும் கட்டம் போட்டுப் பெறுபேறு, கடைசியில் நம்மைப் பற்றி விசாரிக்க உறவினர் அல்லாத இருவர். பத்து நிமிட வேலை. முன்னே வந்தவரின் பெயரை அழித்து நம் பெயரை அடிப்பார்கள். எனக்கு அடித்ததில் அவருடைய பொழுதுபோக்கு அப்படியே கிடந்தது. நான் கிரிக்கெட் மட்டையைத் தொட்டதே இல்லை.

கை சீவி என்றால் நாமே உட்கார்ந்து எழுதுவது, இரண்டு இரவு போகும். ஆனாலும் தனியார் கம்பனி என்றால் என் வாக்கு இதற்குத்தான்.

தேயிலைத் தோட்ட ஒபிசில் செக்ரோல் எழுதிய தங்கச்சி ஒருத்தியின் கடை சீவியில் இருந்தது ஒரே வரி: "தோட்ட அலுவலக உதவியாளர், 2 வருடம்."

"தினமும் என்ன செய்வாய்?"

"140 பேருக்குப் பேர் போட்டு, கொழுந்துக் கிலோ எழுதுவேன் அண்ணே."

"பிழை வந்தால்?"

"சம்பளத்தன்று லயத்துச் சனமே ஒபிஸ் வாசலில் நிற்கும்."

அதை இப்படி மாற்றினோம்: "140 தொழிலாளரின் வரவையும் கொழுந்து நிறையையும் நாளாந்தம் பதிந்து, சம்பளக் கணக்குக்கு ஒப்படைத்தேன்." செக்ரோல் என்றால் என்னவென்று தெரியாத கொழும்பு முகாமையாளருக்கும் இது விளங்கும்.

மொழியும் அப்படித்தான். கடை சீவியில் எல்லோருக்கும் "மும்மொழித் தேர்ச்சி". "சிங்களத்தில் போனில் பேசுவேன், எழுதுவது சுமார்" என்பதை நேர்முகப் பரீட்சையில் நம்புவார்கள். தொழிற்பயிற்சி முடித்தவர்கள் என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) மட்டத்தைக் கட்டாயம் போடுங்கள். மட்டம் 4 வரை சான்றிதழ், 5 என்றால் டிப்ளோமா. கடைக்காரர் அதைக் கேட்பதே இல்லை.

போன் ஆப்பில் வரும் கலர் சீவி? சிங்களத்துக்கு மூன்று நட்சத்திரம் என்றால் எவ்வளவு சிங்களம்?

அரச வேலைக்கு மட்டும் கதை வேறு. வர்த்தமானியில் படிவம் இருந்தால் அதை அப்படியே நிரப்ப வேண்டும். அங்கே கை சீவிக்கு வேலையில்லை, கட்டம் போட்டுப் பழகிய கடைக்காரர்தான் கைகொடுப்பார்.

"மேற்பிரிவு" என்ற தோட்டத்து விலாசத்தை மறைத்து டவுன் மாமா வீட்டு விலாசம் போடுகிறவர்களும் உண்டு. எனக்குப் பிடிக்காது. லயத்துக்குக் கடிதம் பிந்தி வருவதுதான் பயம் என்றால், போன் இலக்கத்தை மேலே பெரிதாகப் போட்டால் போதும்.

தங்கச்சியின் சீவியையும் அதே கடையில்தான் டைப் செய்தோம். அடித்து முடித்த தம்பி, "இதில ஒரு கொப்பி வைச்சுக்கவா அக்கா?" என்று கேட்டார்.