துப்பாக்கி இடுப்பில் இருக்கிறது, வக்கீல் எங்கே?

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய பெரும்பாலானவர்கள் உரிமம் வாங்காமலேயே கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே போகலாம். ஆனால் தற்காப்புக்காகச் சுட்டுவிட்டால் அப்புறம் வரும் வழக்குச் செலவு யாருடையது? அதைப் பார்த்துக்கொள்கிறோம் என்று நாலைந்து நிறுவனங்கள் சந்தா வாங்குகின்றன. டல்லாஸில் கிரீன் கார்டோடு இருக்கும் நண்பர் எதில் சேரலாம் என்று கேட்டார். (ஹெச்-1பி விசாக்காரர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.)

ஒப்பந்தங்களை அச்செடுத்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினோம். நண்பரின் கண் பெரிய டாலர் தொகைகள் மேல் போனது. நான் தேடியது வேறு: பணம் எப்போது வரும், தோற்றால் திருப்பிக் கேட்பார்களா?

யூஎஸ்சிசிஏ (துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்பவர்களின் சங்கம்) விஸ்கான்சினைச் சேர்ந்தது, இவற்றில் ரொம்பப் பெரியது. பயிற்சி, பத்திரிகை எல்லாம் உண்டு. ஆனால் உறுப்பினருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, சங்கத்தின் பெயரில் எடுத்த இன்ஷூரன்ஸ் பாலிசியிலிருந்து வருகிறது. இன்ஷூரன்ஸ் என்றாலே சிக்கல் ஒன்று உண்டு. வேண்டுமென்றே செய்த குற்றத்துக்குக் காப்பீடு கூடாது என்பது பல மாநிலங்களில் பழைய கொள்கை. தற்காப்பில் சுடுவதோ வேண்டுமென்றே செய்யும் காரியம்தான். நீதிமன்றம் அதைத் தற்காப்பு என்று ஏற்காவிட்டால்? அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்களின் தேசிய ரைஃபிள் சங்கம் விற்ற 'கேரி கார்டு' (Carry Guard) பாலிசி நியூயார்க்கில் இந்த இடத்தில்தான் மாட்டியது. 2018இல் அதை நடத்திய லாக்டன் நிறுவனம் 70 லட்சம் டாலரும், காப்பீடு கொடுத்த சப் (Chubb) நிறுவனம் 13 லட்சம் டாலரும் அபராதம் கட்டின. வீட்டுக்கு எடுத்த இன்ஷூரன்ஸே போதுமே என்பவர்களுக்கும் இதே கதைதான். வேண்டுமென்றே செய்த காயத்துக்கு அது பெரும்பாலும் பணம் தராது.

டெக்சஸில் பிறந்த யூஎஸ் லாஷீல்ட், சந்தா கட்டினால் வக்கீலை ஏற்பாடு செய்யும் திட்டம். வக்கீல் ஃபீஸுக்கு உச்சவரம்பு இல்லை என்கிறார்கள். ஜாமீனும் நிபுணர் சாட்சியும் அதில் அடக்கமா என்று தனியாகக் கேட்க வேண்டும். கொலை வழக்கில் வக்கீலுக்கு ஆகிற செலவோடு, சம்பவ இடத்தை ஆராயும் புலனாய்வாளர், தோட்டா போன பாதையைச் சொல்லும் நிபுணர் என்று பில் ஏறிக்கொண்டே போகும்.

சிசிடபிள்யூ சேஃப் முன்னாள் போலீஸ்காரர்கள் தொடங்கியது. வழக்குச் செலவுக்கு வரம்பில்லை என்பதே அதன் பெரிய விளம்பரம். குற்றவியல் வழக்கு வரை இதன் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. சிவில் வழக்கில் நஷ்டஈடு கட்டச் சொன்னால் எவ்வளவு தருவார்கள் என்பது எடுக்கும் திட்டத்தைப் பொறுத்தது. டெக்சஸில் நியாயமான தற்காப்புக்குச் சிவில் வழக்கிலிருந்து சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை.

ஆர்ம்டு சிட்டிசன்ஸ் லீகல் டிஃபென்ஸ் நெட்வொர்க், தன்னுடையது காப்பீடே அல்ல என்கிறது. உறுப்பினர்கள் சேர்த்து வைத்த நிதி. ஏறக்குறைய நம்மூர் சங்க நிதி மாதிரி. வக்கீலை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் தொடர்ந்து எவ்வளவு தருவது என்பது நிர்வாகிகள் கையில். அவர்கள் மேல் நம்பிக்கை இருந்தால் சரி.

நண்பர் எதிலும் சேரவில்லை. உள்ளூர்க் கிரிமினல் வக்கீல் ஒருவரைப் பார்த்துப் பேசி, நம்பரை மொபைலில் சேமித்துக்கொண்டார். துப்பாக்கியோடு மொபைலையும் போலீஸ் ஆதாரமாக எடுத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்றேன். எழுந்து போய் பேனா எடுத்துவந்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார்.