லுவாவின் பிழை கையாளும் முறை: பல வருடப் பயன்பாட்டில் கண்டது

தொழிற்சாலை மீட்டர்களிடமிருந்து அளவுகளை வாங்கி சர்வருக்கு அனுப்பும் கேட்வே பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. பெட்டியின் அடித்தளம் சி, சி++. எந்த மீட்டரை எப்போது படிப்பது, எந்த அளவைத் தாண்டினால் அலாரம் கொடுப்பது என்பதெல்லாம் லுவா என்ற சிறிய புரோகிராமிங் மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட். அவற்றை எழுதுபவர்கள் களத்தில் இருக்கும் இன்ஜினியர்கள். அவர்கள் முழுநேர புரோகிராமர்கள் இல்லை. ஸ்கிரிப்டில் தப்பு வரத்தான் செய்யும். அது வரும்போது பெட்டி விழக்கூடாது, என்ன நடந்தது என்று லாகில் (நிகழ்வுப் பதிவில்) தெளிவாகத் தெரியவும் வேண்டும். லுவாவின் 5.1 பதிப்பில் தொடங்கி இப்போது 5.4-ல் இருக்கிறோம். இத்தனை வருடத்தில் லுவாவின் வேகத்தைவிட அது பிழைகளைக் கையாளும் விதம்தான் எனக்கு அதிகம் பிடித்துப்போனது.

லுவா 1993-ல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இன்னொரு புரோகிராமுக்குள் உட்கார்ந்து வேலை செய்வதற்கென்றே வளர்ந்த மொழி. அதன் சி கோடில் பிழை என்பது ரிட்டர்ன் மதிப்பாக மேலே மேலே கைமாறிப் போவதில்லை. பிகால் என்ற பாதுகாக்கப்பட்ட அழைப்பு, திரும்பி வர வேண்டிய இடத்தைக் குறித்துக்கொள்ளும் ஒரு செட்ஜம்ப் வைத்துவிட்டுத் தொடங்கும். உள்ளே எவ்வளவு ஆழத்தில் பிழை வந்தாலும் லாங்ஜம்ப் மூலம் ஒரே தாவலில் அந்த இடத்துக்குத் திரும்பிவிடும். கையில் ஒரு நிலை எண்ணும், மதிப்புகளை அடுக்கி வைக்கும் ஸ்டாக்கின் மேல் ஒரு பிழை மதிப்பும் கிடைக்கும். 2 என்றால் ஓடும்போது வந்த பிழை, 3 என்றால் இலக்கணப் பிழை, 4 என்றால் மெமரி போதவில்லை. இவ்வளவுதான் அமைப்பு. பிகால் எதுவும் சுற்றி இல்லாமல் பிழை வந்தால் கடைசி வாய்ப்பாக பேனிக் ஃபங்ஷன் ஓடும். அதுவும் திரும்பி வந்துவிட்டால் புரோகிராமே அபார்ட் ஆகி நின்றுவிடும்.

தன்னுடைய கஷ்ட காலத்துக்கு லுவா என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது என்று பார்க்கும்போதுதான் இந்தச் சின்ன அமைப்பின் அருமை புரியும். மெமரி தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கும் ஒரு ஸ்ட்ரிங் வேண்டுமே, அதற்கு மெமரி எங்கே போவது? அந்தச் செய்தியை லுவா தொடக்கத்திலேயே உருவாக்கி, பயன்படாத மெமரியைத் திரும்ப எடுக்கும் கார்பேஜ் கலெக்டர் தொடாதபடி நிலைநிறுத்தி வைத்துக்கொள்கிறது. ஸ்டாக்கின் எல்லை 10 லட்சம் இடங்கள். அது நிரம்பி வழிந்தால், பிழையைக் கையாள்வதற்கென்று இன்னும் 200 இடங்கள் ஒதுக்கி வைத்திருக்கிறது. பிழையைக் கையாளும் ஃபங்ஷனுக்குள்ளேயே பிழை வந்தால் அதற்கென்று தனி நிலை எண் உண்டு. 5.2 முதல், மெமரி கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் உடனே கைவிடாமல் ஒரு முழு கார்பேஜ் கலெக்ஷன் நடத்திவிட்டு மறுபடி கேட்டுப் பார்க்கும்.

இதையெல்லாம் சும்மா நம்பவில்லை, சோதித்தோம். லுவாவுக்கு மெமரி ஒதுக்கும் ஃபங்ஷனை நாமே எழுதிக் கொடுக்கலாம். முதல் கோரிக்கையிலிருந்து எல்லாவற்றையும் மறுத்து ஒரு முறை, இரண்டாவதிலிருந்து மறுத்து ஒரு முறை, மூன்றாவதிலிருந்து மறுத்து ஒரு முறை என்று எங்கள் ஸ்கிரிப்டுகளைத் தொடர்ந்து ஓட்டிப் பார்த்தோம். லுவாவின் உள்ளே எங்கும் உடையவில்லை. ஒவ்வொரு முறையும் 4 என்ற எண்ணோடு ஒழுங்காக வெளியே வந்தது. உடைந்த இடங்கள் எல்லாம் லுவாவோடு நம் கோடை இணைக்கும் சி பக்கத்து பைன்டிங்குகளில்தான்.

லுவாவுக்கும் சி-க்கும் நடுவிலுள்ள அந்த எல்லையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லாங்ஜம்ப் தாவும்போது நடுவில் இருக்கும் சி++ பொருள்களின் டிஸ்ட்ரக்டர்கள் (பொருள் அழியும்போது அது பிடித்து வைத்திருப்பதை விடுவிக்கும் கோட்) ஓடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வெளியிலிருந்து வாங்கிய ஒரு டிரைவர் பைன்டிங்கில் இதன் விளைவைப் பார்த்தோம். சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் தொடும்படி காக்கும் லாக்கை (பூட்டை) முதலில் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு அடுத்த வரியில் வந்த மதிப்பு எண்தானா என்று சோதித்தது. எண்ணுக்குப் பதில் நில் (மதிப்பே இல்லை என்பதன் குறி) வந்த அன்று சோதனை பிழையை எழுப்பியது, கட்டுப்பாடு பிகாலுக்குத் தாவிவிட்டது, லாக் விடுபடவே இல்லை. அந்த ஸ்கிரிப்டின் பிழை லாகில் அழகாகப் பதிவாகியிருந்தது. ஆனால் அடுத்து அந்த போர்ட்டைத் தொட்ட த்ரெட் அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு வரிகளை இடம் மாற்றினால் போதும் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடித்தது. வாதங்கள் அனைத்தையும் முதலில் சோதித்து முடி, அப்புறம் லாக்கைத் தொடு என்பது அன்று முதல் எங்கள் கோட் ரிவ்யூவில் விதி.

லுவாவையே சி++ ஆக கம்பைல் செய்தால் லாங்ஜம்புக்குப் பதில் சி++-இன் சொந்தப் பிழை வழியான எக்ஸெப்ஷன் பயன்படும், டிஸ்ட்ரக்டர்கள் ஓடும். நல்லதுதான், ஆனால் அதிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே லுவா எல்லா எக்ஸெப்ஷனையும் பிடித்துக்கொள்ளும், தன்னுடையதல்லாதவற்றையும் சேர்த்து. உங்கள் லைப்ரரி எறிந்த எக்ஸெப்ஷனின் செய்தி தொலைந்துபோய், நிலை எண் -1 என்று மட்டும் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு பைன்டிங்கின் வாசலிலும் நம் எக்ஸெப்ஷன்களை நாமே பிடித்து லுவா பிழையாக மாற்றிக் கொடுக்கிறோம்.

பிழைச் செய்தியின் தரத்துக்கு வருகிறேன். நில் மதிப்பை இன்டெக்ஸ் செய்ய முயன்றதாக மட்டும் சொல்லி லுவா நிறுத்துவதில்லை. எந்த ஃபைல், எந்த வரி, எந்த ஃபீல்டு என்பதையும் சேர்த்துச் சொல்லும். ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பெயர்களைத் தூக்கிச் சுமப்பதில்லை. பிழை வந்த பிறகுதான் பைட்கோடை (ஸ்கிரிப்டை லுவா மாற்றி வைத்திருக்கும் கட்டளைகளை) திரும்ப அலசி, பிழை வந்த ரெஜிஸ்டரில் மதிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்துப் பெயரைக் கண்டுபிடிக்கிறது. பிழை இல்லாதபோது செலவும் இல்லை. தொலைபேசியில் 'சார், வெப்பநிலை ஃபீல்டு நில் என்று காட்டுகிறது' என்று களத்து இன்ஜினியர் வாசித்துக் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டுப் பிழை வந்தது என்று காட்டும் டிரேஸ்பேக் வேண்டுமென்றால், சி பக்கத்து பிகாலுக்கு ஒரு ஹேண்ட்லர் (பிழை வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) கொடுத்தே ஆக வேண்டும். ஹேண்ட்லர் ஓடும்போது பிழை வந்த இடத்தின் ஸ்டாக் இன்னும் கலையாமல் இருக்கும். பிகால் திரும்பிய பிறகு கேட்டால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. நடுவில் நின்று பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய கோரூட்டின்களில் கதை வேறு. பிழையில் செத்த கோரூட்டின் தன் ஸ்டாக்கை அப்படியே வைத்திருக்கும், நிதானமாகப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கோரூட்டின் வைத்திருப்பதால் இது பெரிய வசதி. 5.1-ல் பிகாலுக்குள்ளிருந்து யீல்டு செய்ய (கோரூட்டினை நடுவில் நிறுத்தி வைக்க) முடியாமல் பட்ட பாடு 5.2-ல் தீர்ந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே பதிப்பு மாறலாம்.

5.4-ல் ஒரு மாற்றத்தில் மட்டும் எனக்கு வருத்தம். முன்பு ஃபைனலைசரில் (கார்பேஜ் கலெக்டர் ஒரு பொருளை அகற்றும்போது ஓடும் ஃபங்ஷனில்) வரும் பிழை, அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சம்பந்தமே இல்லாத கோடின் தலையில் விழும். இப்போது அது வெறும் எச்சரிக்கை. இது சரியான முடிவுதான். ஆனால் எச்சரிக்கைகள் இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் லாகுக்கு அனுப்பும் எச்சரிக்கை ஃபங்ஷனை நீங்களே பொருத்தாவிட்டால், மூடப்படாத கனெக்ஷன்கள் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும்.

இன்னும் முழுமையாகத் தீராத பிரச்சினை ஒன்று உண்டு. முடிவில்லாமல் சுற்றும் ஸ்கிரிப்டை நிறுத்த, குறிப்பிட்ட எண்ணிக்கை கட்டளைகளுக்கு ஒருமுறை ஓடும் ஹூக் வைத்து, அதிலிருந்து பிழையை எழுப்புவது வழக்கம். ஆனால் லுவாவுக்கு அதுவும் சாதாரணப் பிழைதான். ஸ்கிரிப்ட் தன் லூப்புக்குள் ஒரு பிகால் வைத்திருந்தால் அதைப் பிடித்துத் தூக்கிப்போட்டுவிட்டுத் தொடர்ந்து சுற்றும். இதைப் பிடிக்கவே முடியாது என்று ஒரு பிழையைக் குறிக்க வழியில்லை. நாங்கள் ஸ்கிரிப்டுகளுக்குத் தரும் பிகால், எக்ஸ்பிகால் (ஹேண்ட்லரும் சேர்ந்த பிகால்), கோரூட்டின் ரெஸ்யூம் (நின்ற கோரூட்டினைத் தொடர வைப்பது) மூன்றையும் எங்கள் சொந்த உறைகளால் மாற்றியிருக்கிறோம். நிறுத்தச் சொல்லும் கொடி ஏறியிருந்தால் அவை பிழையை விழுங்காமல் மேலே எறியும். எக்ஸ்பிகாலின் ஹேண்ட்லரும் ஸ்கிரிப்டுடையது என்பதால், கொடி ஏறிய பிறகு அதைக் கூப்பிடாமல் தாண்டிப் போகும்படி வைத்திருக்கிறோம். ஸ்கிரிப்டுகளைக் கட்டுப்பாட்டுக்குள் ஓட்டும் சாண்ட்பாக்ஸைச் சொந்தமாகக் கட்டுபவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்; ஸ்கிரிப்டுகள் பெருகிய பிறகு இந்த மூன்றையும் மாற்றினால், பழைய நடத்தையை நம்பி எழுதியவை ஒவ்வொன்றையும் மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும்.