சுங்கை சிப்புட்டில் காற்றுக் கைத்துப்பாக்கிப் பயிற்சி: முதல் பெரிய போட்டிக்குப் பின் ஒரு மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை சிப்புட்டில், பழைய தோட்ட மண்டபமொன்றில் நடைபெறும் வார இறுதி வகுப்பில் பயின்று, அண்மையில் தேசிய அளவிலான 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் முதன்முறையாகக் கலந்துகொண்டேன். அந்த அனுபவத்தைக் கொண்டே இவ்வகுப்பை மதிப்பிடுகிறேன்.

இதன் பெரும் பலம் பயிற்றுநரின் பொறுமை. குண்டின்றி விசையை அழுத்தும் பயிற்சியையே முதலில் நீண்ட காலம் செய்ய வைத்தார். கண், துப்பாக்கி முனையிலுள்ள முன்குறியில் நிலைத்திருக்க, இலக்கு சற்று மங்கலாகவே தெரிய வேண்டும் என்பதைச் சலிக்காமல் வலியுறுத்தினார். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான் என்பதால், விசையை இழுக்கும் விரலில் தோன்றும் சிறு பதற்றமும் புள்ளிகளைப் பறித்துவிடும். போட்டியில் கை நடுங்கியபோது, சுடாமல் கையைத் தாழ்த்தி மீண்டும் தொடங்க முடிந்தது இந்தப் பழக்கத்தால்தான். விசையை இழுக்கத் தேவைப்படும் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது என்ற விதியையும் எடைக்கல் வைத்து முன்கூட்டியே சோதித்துத் தந்ததால், கருவிச் சோதனையில் கவலையே இருக்கவில்லை.

குறை ஒன்று உண்டு. இங்குக் காகித இலக்குகள் மட்டுமே உள்ளன. போட்டியிலோ மின்னணு இலக்கு. 60 முறை சுடுவதற்குக் காகிதத்தில் 90 நிமிடம் என்றால், மின்னணு இலக்கில் 75 நிமிடம்தான். ஒவ்வொரு முறையும் புள்ளி உடனே திரையில் தோன்றுவது மனத்தை அலைக்கழிக்கும். அதற்கும் மாணவர்களைத் தயார்படுத்த வேண்டும்.

காற்றுத் துப்பாக்கிக்கும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பொருந்துவதால், உரிமம் பற்றிய விளக்கத்தை முதல் நாளே அளிக்கிறார்கள். பிள்ளைகளைச் சேர்க்க எண்ணும் பெற்றோர் தயங்காமல் நேரில் சென்று பார்க்கலாம்.