"ஃபுல் கவர் சார்" என்ற சொல்லை நம்பி 1,64,000 ரூபாய் கட்டினேன்

கார் வைத்திருப்பவர்கள், அதிலும் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்கள், அடுத்த ரினியூவலுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

2023 ஆகஸ்டில் என் காரின் இன்சூரன்ஸ் முடிந்தது. ஷோரூமில் வண்டி எடுத்தபோது பாலிசி போட்டுக் கொடுத்த அதே ஆள்தான் கூப்பிட்டார். தொகை அதிகமாக இருக்கிறதே, கொஞ்சம் குறையுங்கள் என்றேன். பத்து நிமிடத்தில் இரண்டாயிரம் குறைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "எதையாவது எடுத்துட்டீங்களா?" என்று கேட்டேன், கேட்காமல் இல்லை. "பம்பர் டு பம்பர் சார், ஃபுல் கவர்" என்றார். பேரம் பேசி ஜெயித்த சந்தோஷத்தில் பணத்தைக் கட்டிவிட்டேன், பாலிசியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது, வடிய மூன்று நாள் ஆனது. வடிந்ததும் என் மச்சான் "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மாமா" என்றான், நானும் சாவியைத் திருப்பினேன். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜினுக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது, அதனால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும் என்பதை சர்வீஸ் சென்டரில் அப்புறம் விளக்கினார்கள். முன்னாலேயே தெரிந்திருந்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு டோ வண்டிக்குக் காத்திருந்திருப்பேன்.

சேதத்தைக் கணக்குப் போட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்தார். சீட், கார்ப்பெட், வயரிங் எல்லாம் பாஸ். இன்ஜின் மட்டும் இல்லை. வெள்ளத்தால் நேராக வந்த சேதம் இல்லையாம், ஸ்டார்ட் செய்ததால் தொடர்ந்து வந்த சேதமாம், சாதாரண பாலிசியில் அதற்கு இடமில்லை, இன்ஜின் புரொடெக்ஷன் என்ற தனி ஆட்-ஆன், அதாவது கூடுதல் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் கவர், இருந்தால்தான் கிடைக்கும் என்றார். என் பாலிசியில் அது இல்லை. இன்ஜின் வேலைக்கான 1,64,000 ரூபாயும் என் கையிலிருந்துதான் போனது. பழைய பாலிசிகளை எடுத்துப் பார்த்தால், முதல் இரண்டு வருடமும் இருந்திருக்கிறது! பேரம் பேசியபோது எடுத்தது இதைத்தான். அதை விட்டுவிட்டு எதை வைத்திருந்தார் தெரியுமா? சாவி தொலைந்தால் ஒரு கவர், காருக்குள் இருக்கும் பொருள் திருடு போனால் ஒரு கவர், வண்டி வழியில் நின்றுபோனால் உதவிக்கு ஆள் வரும் ரோட்சைட் அசிஸ்டன்ஸ், கார் கம்பெனியே வாரண்டியோடு இலவசமாகக் கொடுத்திருந்தது, இன்னொரு தடவை. போதாததற்கு ஓனர் டிரைவருக்கான 15 லட்சம் விபத்து காப்பீடு வேறு. என் பெயரில் ஏற்கெனவே அதே தொகைக்குத் தனி பாலிசி இருக்கிறது. அப்படி இருந்தால் ஒவ்வொரு வண்டிக்கும் அதைத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை என்று 2019-லேயே விதி வந்துவிட்டது. அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"பம்பர் டு பம்பர்" என்பது ஜீரோ டெப்ரிசியேஷனுக்கு வைத்த செல்லப் பெயர், வேறொன்றும் இல்லை. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள், பம்பர் 12,000 என்றால் கைக்கு வருவது 6,000. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. அந்தக் கழிவு வராமல் தடுப்பதுதான் ஜீரோ டெப்பின் வேலை. இன்ஜினுக்குள் போன தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் ஜீரோ டெப்பைக் குறை சொல்ல மாட்டேன், முதல் ஐந்து வருடம் சென்னை டிராஃபிக்கில் ஓட்டுபவர் போட்டே ஆக வேண்டும் என்பேன். பல கம்பெனிகளில் வருடத்துக்கு இரண்டு கிளெய்ம்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இன்ஜின் கவர் தேவையா என்பது உங்கள் தெருவைப் பொறுத்தது. மழை என்றால் மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்துகிற ஊர் எங்களுடையது, இங்கே அந்த இரண்டாயிரத்தில் கஞ்சத்தனம் பார்ப்பது பைத்தியக்காரத்தனம். மேட்டில் வீடு, வண்டி ஊரைத் தாண்டாது என்றால் விட்டுவிடலாம். எடுத்தாலும் அதிலுள்ள விலக்குகளைப் படியுங்கள், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தால் தர மாட்டோம் என்று எழுதி வைத்திருக்கிற கம்பெனிகளும் உண்டு. சாவிக்கும் கைப்பைக்கும் நான் இனி ஒரு ரூபாய் தர மாட்டேன். புது வண்டி என்றால் ரிட்டர்ன் டு இன்வாய்ஸை யோசிக்கலாம், வண்டி திருடு போனாலோ முழுதாக நொறுங்கினாலோ ஐடிவி, அதாவது தேய்மானம் கழித்துப் பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பு, இல்லாமல் பில் விலையே கிடைக்கும்.

புகார் கொடுக்கலையா என்று கேட்பீர்கள். கம்பெனிக்கு எழுதினேன், பாலிசியில் இல்லாததற்குத் தர முடியாது என்று இரண்டே வரியில் பதில். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்பட்ஸ்மேனிடம் செலவில்லாமல் போகலாம், சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. ஆனால் என் கையில் இருந்தது போனில் சொன்ன "ஃபுல் கவர்" மட்டும்தான். "எதை எடுத்தீர்கள்?" என்ற அந்தக் கேள்வியை வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டிருந்தால் காட்டுவதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

அடுத்த ஆகஸ்டில் அதே ஆள் மறுபடி கூப்பிட்டார். என்ன நடந்தது என்று அவருக்கு ஞாபகமே இல்லை. "சார், போன வருஷம் மாதிரியே போட்டுடலாமா?" என்றார்.