லயன்ஸ் மேன் பவுடரும் பூனைக்காலி பவுடரும்: ரெண்டையும் சாப்பிட்டு பாத்தாச்சு

ரெண்டு டப்பா மேலயும் அதே மூளை படம், அதே ஃபோகஸ், மெமரி பேச்சு. சரி ஒண்ணுக்கு பதில் இன்னொண்ணுன்னு நினைச்சுதான் நானும் வாங்கினேன். ஆனா லயன்ஸ் மேன் காட்டுல ஓக், பீச் மாதிரி மரத்துல வெள்ளை தாடியாட்டம் தொங்குற காளான், பூனைக்காலி வெப்பமண்டலத்துல படர்ற அவரைக் குடும்பத்துக் கொடி, அதோட காய் மேல இருக்கற சொணை உடம்புல பட்டா சொறிஞ்சே செத்தோம்.

மொதல்ல காளான். டப்பா பின்னாடி பொடி எழுத்துல மைசீலியம் (காளானோட வேர் மாதிரி நூல்), தானியம்னு போட்டிருந்துச்சு, அப்பவே ஒரு டவுட்டு. ஒரு ஸ்பூன் எடுத்து தண்ணில கொதிக்க வச்சு, ஆறினதும் காயத்துக்கு போடற அயோடின் ரெண்டு சொட்டு விட்டேன், பேனா மை கொட்டின மாதிரி கருநீலமாயிடுச்சு. ஸ்டார்ச் இருந்தாதான் இப்படி ஆகும், காளான்ல ஸ்டார்ச் ஏதுங்க? வளர்க்க போட்ட தானியத்தையும் சேத்து அரைச்சு அடைச்சிருக்காங்க. மைசீலியம்னாலே மோசம்னு சொல்லல, மூளைக்கு நல்லதுன்னு பேசற பொருள்கள்ல எரினசீன் அதுலதான் இருக்கு, ஹெரிசினோன் காளான்ல இருக்கு, ஆனா நான் காசு குடுத்தது மாவுக்கு இல்லையே. 2009ல ஜப்பான்ல லேசா மறதி இருக்கற 50 - 80 வயசுக்காரங்களுக்கு இந்தக் காளானை தினம் 3 கிராம் வீதம் 16 வாரம் குடுத்து பாத்தாங்க, டெஸ்ட்ல மார்க் ஏறுச்சு, நிறுத்தின 4 வாரத்துல இறங்கிடுச்சு. சின்ன ஆய்வுதான், ஆனா அங்க குடுத்த மாத்திரை 96% காளான் பொடி. நான் எட்டு வாரம் சாப்பிட்டும் சாவியை எங்க வச்சேன்னு இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கேன்.

பூனைக்காலி கதையே வேற. விதைல எல்-டோபா இருக்கு, பார்க்கின்சன் நோய்க்கு டாக்டர் எழுதற அதே பொருள், 1937லயே தாமோதரன், ராமசாமின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த விதைலருந்து பிரிச்சு எடுத்திருக்காங்க. மூளைக்குள்ள போய்தான் அது டோபமைன்ங்கற மூளை ரசாயனமா ஆகணும், ஆனா நிறைய வழிலயே மாறிடும், குமட்டல் அதனாலதான், மாத்திரைல அதைத் தடுக்க கார்பிடோபா சேப்பாங்க. பவுடர்ல அதெல்லாம் ஏது? வெறும் வயித்துல போட்டேன், கொஞ்ச நேரத்துல வாய்ல எச்சில் ஊறி பாத்ரூம் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இவ்ளோ வேலை செய்யற சாமானுக்கு ஒரு ஸ்பூன்ல எல்-டோபா எத்தனை மில்லிகிராம்னு லேபிள்ல ஒரு வார்த்தை இல்ல! எனக்கு கோவமே இதுலதான். பார்க்கின்சன் மாத்திரையோ டிப்ரஷன் மாத்திரையோ சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட கேக்காம தொடவே தொடாதீங்க.

காளானுக்கு ஒரு ஸ்டார், அதுவும் மூடி நல்லா டைட்டா இருந்ததுக்கு. பூனைக்காலிக்கு ரெண்டு, மில்லிகிராம் போட்டிருந்தா நாலு குடுத்திருப்பேன்.