ஊசியா, கத்தியா, காத்திருப்பா? சிறுநீரகத்தில் ஒரு சிறு கட்டி

வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் சிறுநீரகத்தில் 3 சென்ரிமீற்றர் கட்டி தெரிகிறது. யாழ்ப்பாணத்தில் அந்த அறிக்கை அன்றிரவே கனடாவில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் போய்விடும். "உடனே எடுத்துவிடுங்கள் அப்பா" என்று பதில் வரும். பாசம் புரிகிறது, அவசரம்தான் புரியவில்லை. 4 சென்ரிமீற்றருக்கு உட்பட்டவை என்று வெட்டியெடுக்கப்படும் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயே அல்ல.

சத்திரசிகிச்சையில் முழுக் கட்டியும் ஆய்வுகூடத்துக்குப் போவதால் விடை உறுதியானது. சிகிச்சையும் அதோடு முடிகிறது. ஆனால் கட்டி சாதுவானது என்று பிறகு தெரிந்தால், இழந்த சிறுநீரகப் பகுதி திரும்பி வராது. நீரிழிவுக்காரருக்கு அது சிறிய இழப்பல்ல.

ஊசிப் பரிசோதனைக்கு, அதாவது பயொப்சிக்கு, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும். ஸ்கேனில் பார்த்தபடியே நூல்போன்ற இழையத்துண்டுகளை எடுப்பார்கள். சிறிது இரத்தக்கசிவு வரலாம். கடுமையான சிக்கல் அரிது. "ஊசி குத்தினால் பரவும்" என்ற பயம்தான் நம்மவரிடம் பெரியது. பரவுவது மிக மிக அரிது. வெளிக்குழாய் ஒன்றினூடாக ஊசியைச் செலுத்துவதும் அதைத் தவிர்க்க உதவுகிறது.

உண்மையான குறை வேறு. பத்தில் ஒருவருக்காவது துண்டு போதாமல் முடிவு தெளிவாக வராது. அதைப் "புற்றுநோய் இல்லை" என்று வாசித்துவிடக் கூடாது. மறுபடி குத்த நேரலாம். சாதுவான ஒன்கோசைற்றோமாவும் குரோமோபோப் என்ற புற்றுநோய் வகையும் சிறு துண்டில் ஒன்றுபோலவே தோன்றி நோயியல் நிபுணரையே தடுமாற வைக்கும்.

ஆன்ஜியோமயோலிப்போமா என்ற சாதுக் கட்டிக்கோ பெரும்பாலும் ஊசியே வேண்டாம். அதிலுள்ள கொழுப்பை சீ.ரீ. ஸ்கேனே காட்டிவிடும். கொழுப்புக் குறைந்த வகைதான் ஏமாற்றும்.

காத்திருப்பது, அதாவது வெட்டாமல் தவணைக்குத் தவணை ஸ்கேன் எடுத்துக் கட்டியைக் கவனிப்பது, முதியவர்களுக்கும் இதயநோயாளிகளுக்கும் நல்ல வழி. சிறு கட்டிகள் சராசரியாக ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர்தான் வளர்கின்றன. ஆனால் ஸ்கேனைத் தவறவிடாதவருக்கே இது சரிவரும். நெடுந்தீவிலிருந்து படகேறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து வருபவரிடம் இதைச் சொல்லுமுன் யோசிக்க வேண்டும்.

என் சாய்வு ஊசிப் பக்கம்தான், ஒரு நிபந்தனையோடு: முடிவு எதுவானாலும் வெட்டத்தான் போகிறோம் என்றால், அல்லது எந்தச் சிகிச்சையும் தாங்காத உடல்நிலை என்றால், குத்துவதில் பயனில்லை. கிளினிக்கில் வைத்தியரிடம் இதை நேராகவே கேளுங்கள். அஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள் எடுப்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம்.