அகல டயருக்காக பின் ஆக்ஸிலை வெட்டக் கொடுக்கறவங்க, கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வண்டி 1969ல பதிவான அம்பாசிடர் மார்க் 2, ஓனர் பொள்ளாச்சிக்காரர். பின்னாடி டயர் அகலமா, ஆனா மட்கார்டுக்குள்ள அடக்கமா நிக்கணும். அவர் கேட்டது அவ்வளவுதானுங்க. திருப்பூர் பக்கம் ஒரு பட்டறையில ஒன்றே கால் லட்சம் வாங்கிட்டு மூணு மாசம் கழிச்சு வண்டியை விட்டாங்க. நாலாவது வாரம் பல்லடத்துல சிக்னல் விழுந்து, ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்சை விட்டதும் 'டக்'குனு ஒரு சத்தம். இன்ஜின் ஓடுது, வண்டி நகரலை. வலது பக்க ஆக்ஸில் சாஃப்ட், அதாவது சக்கரத்தைச் சுழட்டற ராடு, ரெண்டு துண்டு.

கழட்டிப் பார்த்தா, ஒவ்வொரு வேலையும் அதுக்கு முந்தின தப்பை மூடறதுக்காகப் பண்ணினது.

முதல் தப்பு, அளக்காம டயர் வாங்கினது. பொலீரோவுக்கு வர்ற 215/75 ஆர் 15 எடுத்திருக்காங்க. பழைய 5.90-15 டயர் அகலம் 150 மி.மீ. இது 215. கூடுதல் 65ஐ ரெண்டாப் பிரிச்சா உள்ளே 32, வெளியே 32. உயரமும் 703 மி.மீ., பழசைவிட ரெண்டு விரக்கடை ஜாஸ்தி. அதனால ஸ்பீடாமீட்டர் இப்ப உண்மையான வேகத்தைவிடக் கம்மியாக் காட்டும்.

அடுத்தது, பொலீரோ ரிம்மோட ஸ்டட் வட்டம் (போல்ட் ஓட்டைங்க நிக்கற வட்டம்) பொருந்தலைன்னு 25 மி.மீ. அடாப்டர் பிளேட் வெச்சாங்க. சக்கரம் வெளியே தள்ளிடுச்சு, மட்கார்டு விளிம்புல உரசுது. உடனே விளிம்பைக் கட்டர்ல அறுத்துட்டாங்க. வெளித்தகடும் உள்தகடும் ஸ்பாட் வெல்டுல சேர்ற இடமே அந்த விளிம்புதான். அறுத்தா ரெண்டும் வாயைப் பிளக்கும், சேறு உள்ளே போகும், துரு உள்ளிருந்து தின்னுட்டு வரும். இங்க பிளந்த இடத்தை பட்டி போட்டு அடைச்சு பெயிண்ட் அடிச்சிருந்தாங்க. நூல்ல ஒரு சின்னக் காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டா மத்த இடத்துல தகட்டை 'சட்'டுனு பிடிக்குது, விளிம்புகிட்ட மட்டும் வழுக்கிட்டுப் போகுது.

அப்பவும் உரசல் நிக்கலை. அதுக்குத்தான் ஆக்ஸிலை பக்கத்துக்கு 40 மி.மீ. வெட்டிக் குறைச்சாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. அடாப்டர் 25 வெளியே தள்ளுது, வெட்டு 40 உள்ளே இழுக்குது, மிச்சம் உள்பக்கமா 15. அந்தப் பதினஞ்சு மி.மீ.க்காக ஒரு ஆக்ஸிலையே அறுத்திருக்காங்க! ஸ்டட் வட்டமும் ஆஃப்செட்டும் (ரிம் உள்ளே வெளியே எவ்வளவு தள்ளி நிக்குதுங்கற அளவு) சரியா இருக்கற ரிம் தேடிப் பிடிச்சிருந்தா ஆக்ஸிலைத் தொடாமலே அது கிடைச்சிருக்கும்.

32ம் 15ம் சேர்ந்து டயரோட உள் ஓரம் 47 மி.மீ. கமான் பட்டைகிட்ட (லீஃப் ஸ்பிரிங்) வந்துடுச்சு. பட்டையை உள்ளே தள்ள, அடித்தகட்டுலயே பிராக்கெட்டை வெல்டு வெச்சுட்டாங்க. அம்பாசிடருக்கு லாரி மாதிரி தனிச் சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். பட்டை இழுக்கற பாரம் பெட்டி மாதிரி மடிச்ச பாகத்துக்குப் போகணும். வெறும் தகட்டுல போனா வெல்டைச் சுத்தி விரிசல் விடும். விட ஆரம்பிச்சிருந்துச்சு.

சாஃப்ட் ஏன் உடைஞ்சுதுன்னு கேட்டா, நடுவுல அறுத்து, மேல ஒரு பைப்பைச் சொருகி, சுத்தி ஆர்க் வெல்டு. உடைஞ்ச முகத்துக்குப் பக்கத்துல மயில் கழுத்து நீலத்துல ஒரு வளையம். சூடு ஏறிப் பதம் போனதோட அடையாளம் அது. பதம் போட்ட ஸ்டீல்ல இப்படி வெல்டு வெச்சா பக்கத்துலயே ஒரு பட்டை நொறுங்கற தன்மைக்கு வந்துடும். நின்ன இடத்துல இருந்து ஃபர்ஸ்ட் கியர்ல கிளம்பறப்பதான் முறுக்கு அதிகம், அதனால அங்கதான் போகும். சில வகை ஆக்ஸில்ல சாஃப்ட் உடைஞ்சா சக்கரமே கழண்டு வெளியே வந்துடும். ஆழியாறு தாண்டி வால்பாறை மலையில ஏறறப்ப இது நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுக்கங்க.

குறைச்சே ஆகணும்னா சாஃப்டைப் புதுசாப் பண்ணணும். இஎன் 24ங்கற அலாய் ஸ்டீல் ராடு, ஹீட் ட்ரீட்மென்ட், பழைய சாஃப்டை அளவாக் கொடுத்து ஸ்ப்லைன் (முனையில கியரோட சேர்ற பல்) வெட்டு. கோயமுத்தூர்ல இதுக்கு ஆள் இல்லாமப் போகலை. வெட்டின ஹவுசிங்கை, அதாவது சாஃப்ட் உள்ளே ஓடற குழாயை, ஒட்டறப்ப ரெண்டு முனை பேரிங் சீட்டு வழியாவும் நடுவுல டிஃபரன்ஷியல் பேரிங் சீட்டு வழியாவும் ஒரே நேர்கோட்டுல டம்மி ராடு போட்டு, எதிரெதிரா சின்னச் சின்னதா வெல்டு வெச்சு, ஆறவிட்டு அடுத்தது வெக்கணும். இங்க ராடே போடலை. பின் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல, ஹப் உயரத்துல, முன்பக்கமும் பின்பக்கமும் டேப் வெச்சா 11 மி.மீ. வித்தியாசம். ரெண்டு மூணு மி.மீ.க்கு மேல வந்தாலே ஹவுசிங் வளைஞ்சிருக்கான்னு சந்தேகப்படணும். வளைஞ்சதால ஆயில் சீல் போய், பிரேக் டிரம்முக்குள்ள கியர் ஆயில்.

டயர் வாங்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது ஒரு நாள் வேலை. கமான்ல மெயின் பட்டையை மட்டும் விட்டுட்டு மத்ததைக் கழட்டி, பம்ப் ரப்பர் (ஆக்ஸில் மேல வந்து பாடியில இடிக்காமத் தடுக்கற ரப்பர்) தட்டற வரைக்கும் ஆக்ஸிலை ஜாக்கில ஏத்துங்க. ஒரு பக்கம் ஏத்தி ஒரு பக்கம் இறக்கியும் பாருங்க. டயருக்கும் பட்டைக்கும் நடுவுல 20, 25 மி.மீ. மிஞ்சணும். ஏன்னா திருப்பத்துல புஷ் ரப்பர் அமுங்கி ஆக்ஸில் பக்கவாட்டுல அசையும். பஞ்சர் ஆனா சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளியே வருதான்னும் அப்பவே பார்த்துக்கங்க. இந்த வண்டியில வரலை!

இன்னொரு நஷ்டம் ஓனருக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. 2021ல வந்த விதிப்படி 50 வருசம் தாண்டின வண்டிக்கு விண்டேஜ் பதிவு உண்டு. ஆனா சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் பண்ணியிருக்கக் கூடாது. 1969 வண்டிக்கு அந்தத் தகுதி கைக்கெட்டற தூரத்துல இருந்துச்சு. வெட்டின பாடியை வெச்சுக்கிட்டு இப்ப எப்படிப் போய்க் கேக்கறது? வண்டியை மாத்தியமைக்கறதைப் பத்தின மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல மாட்டினா அது தனி வம்பு, இன்சூரன்ஸ்காரங்களும் பணம் தராம இருக்க அதையே காட்டுவாங்க.

பட்டறையில கொடுத்தது ஜிஎஸ்டி பில் இல்லைங்க, துண்டுச் சீட்டுல மொத்தத் தொகை மட்டும். ஜிபே கணக்கும் வாட்ஸப் போட்டோவும் இருந்ததால ஏதோ கையில ஆதாரம் இருக்கு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக ரெண்டு வருசம் டைம். பொருளை லேபுக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்ல அவங்களுக்கு அதிகாரம் இருக்கு. அதனால உடைஞ்ச சாஃப்டை மட்டும் காயலான் கடையில போட்டுடாதீங்க. உடைஞ்ச முகத்தைத் தேய்க்காம, ஆயில் தடவித் துணியில சுத்தி எடுத்து வைங்க.